பியோ ஐயா இரண்டாம் முறை பேசிய பேச்சு

தேஜோன்,
நவம்பர், குளிர்காலக் கிம்ச்சி போடுவதற்கு முந்தின வாரம்

அன்புள்ள நாரே,

இந்தப் பெட்டி அடிலெய்டுக்கு வந்து சேரும்போது நீ வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, காய்ச்சல் சளி எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சௌக்கியம். குளிர் வந்துவிட்டதால் அப்பாவின் முழங்கால் மட்டும் முனகுகிறது, மலையேறப் போகாதீர்கள் என்றால் கேட்பதில்லை, போய்விட்டு வந்து என்னிடம் தைலம் தேய்க்கச் சொல்கிறார். கடையில் வியாபாரம் பரவாயில்லை. முட்டைக்கோஸ் இந்த வருஷம் விலை ஏறிக் கிடக்கிறது, ஆனாலும் கிம்ச்சி ஊறுகாய் போடாமல் இருக்க முடியுமா, நூற்றைம்பது கோஸ் சொல்லி வைத்திருக்கிறேன். பெட்டியில் மிளகாய்த் தூள், கடற்பாசித் தாள், உனக்கு உள்ளாடை இரண்டு செட் வைத்திருக்கிறேன். நெத்திலி வைக்கவில்லை, போன தடவை உங்கள் ஊர் சுங்கக்காரர்கள் பிரித்துப் பார்த்து எடுத்துப்போட்டு விட்டார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை, எத்தனை நேரம் நின்று வறுத்தது தெரியுமா.

போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டு, வேண்டாம் என்று சொன்ன அந்த டப்போ ஊர் ஆய்வு மையத்துக்காரர்கள் மறுபடி பேச வரச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு வாரத்தில் இன்டர்வியூ, ஏன் மனசு மாறினார்கள் என்றே புரியவில்லையம்மா என்றாயே, அது ஏன் என்று எனக்குத் தெரியும். முதலில் ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதும் தெரியும். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே ஐயோ அம்மா என்று குறுக்கே விழுவாய், பக்கத்தில் அப்பா வேறு உட்கார்ந்திருப்பார். அதனால்தான் கடையைக் கொஞ்சம் முன்னதாக மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நிதானமாகப் படி.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, புள்ளிவிவர அலுவலகத்தில் உன் பழைய பிரிவுத் தலைவர் பியோ ஐயா வழக்கம்போல மத்தியானம் கடைக்கு வந்தார். உனக்குத்தான் தெரியுமே, அவர் அலுவலகத்திலிருந்து தெருவைக் கடந்தால் நம் கடை, மனைவி இறந்ததிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் நம்மிடம்தான் சோற்றுக்குத் தொடுகறி வாங்குகிறார். அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு. “முதலாளியம்மா, ஆஸ்திரேலியாலேருந்து ஒரு அம்மா எனக்கு போன் போட்டு நாரேயப் பத்தி விசாரிச்சாங்க, நான் முறையா பேசிட்டேன், நீங்க கவலையே படாதீங்க” என்றார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். “இன்னும் பக்குவப்படாத பொண்ணு, குறை நெறைய இருக்கும், உங்க வீட்டுப் பிள்ளையா நெனச்சு கண்டிச்சு சொல்லிக் குடுத்து பாத்துக்கோங்கன்னு கேட்டுக்கிட்டேன்” என்றார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நான் உருகிப் போனேன் நாரே. இடுப்பு வளைய இரண்டு தடவை குனிந்து வணங்கி, “அவளுக்கு என்ன தெரியும் ஐயா, எல்லாம் உங்க தயவு” என்று சொல்லி, அவர் டப்பாவில் இன்னும் ஒரு கரண்டி நெத்திலி வறுவல் அள்ளிப் போட்டேன். காசு வாங்கவில்லை.

நம் வீட்டுப் பிள்ளையை வெளியாளிடம் ஒப்படைக்கும்போது பெரியவர்கள் வேறு எப்படிப் பேசுவார்கள் சொல்லு. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு நானும் அதைத்தான் சொன்னேன். நாளைக்கு உனக்கு ஒருவன் வாய்த்தால் அவன் வீட்டாரிடமும் அதையேதான் சொல்வேன். கேட்கிறவர்களும் அப்படியெல்லாம் இல்லை, தங்கமான பெண் என்று பதில் சொல்வார்கள், அதோடு முடிந்தது. அந்த டப்போ அம்மாளுக்கு அது எங்கே தெரியும். எழுத்து எழுத்தாக அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு அழுதபோதுதான் எனக்கு உறைத்தது. என் திறமையைப் பற்றிப் பழைய மேலதிகாரிக்கே சந்தேகம் இருக்கிறதாம், அதனால் வேண்டாம் என்று விட்டார்கள், பியோ ஐயா என்னை இவ்வளவு வெறுக்கிறாரா அம்மா, அஞ்சு வருஷம் அவருக்குத்தானே உழைத்தேன் என்று கேட்டாயே. கையில் முள்ளங்கியும் கத்தியுமாக நின்றுகொண்டிருந்தேன், அப்படியே வைத்துவிட்டேன். நான் சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு நீ கோபப்பட்டு போனை வைத்துவிட்டாய். அவர் வெறுக்கவில்லையடி. உன்னை எவ்வளவுக்கு ஒசத்தியாக நினைத்தாரோ அவ்வளவுக்குத் தாழ்த்திப் பேசியிருக்கிறார்.

உன் நிலைமை எனக்குத் தெரியாமல் இல்லை. அடிலெய்டில் நீ வேலை பார்த்த நிறுவனம் ஜூலையில் இழுத்து மூடினதும், உன் விசா அவர்கள் பெயரில் நின்றதால் ஆறு மாதத்துக்குள் வேறொரு முதலாளி உன்னை ஸ்பான்சர் செய்யாவிட்டால் ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதும், ஜனவரி வந்தால் கெடு முடிகிறது என்பதும் நானும் அப்பாவும் தினமும் பேசிக்கொள்வதுதான். அப்பா என்ன சொன்னார் தெரியுமா. “விடு நாரே அம்மா, அவ ரூம் அப்படியேதானே கெடக்கு, வந்துடட்டும், அலுவலகத்துல மறுபடி பரீட்சை எழுதிக்கட்டும்” என்றார். சொல்லிவிட்டு உடனே போனை எடுத்து அடிலெய்டில் வெயில் எவ்வளவு என்று பார்க்கிறார், நீ போன நாளிலிருந்து அது ஒரு வேலை அவருக்கு. ஒளிக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு முழுக்க நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், நீ தானாக வீட்டுக்கு வந்துவிடுவாய், யார் மேலும் பழி இல்லை. உன் போர்வையைக்கூட எடுத்து வெயிலில் போட்டேன். போட்டுவிட்டுப் பார்த்தால் மனசுக்கு நன்றாக இல்லை. நீயாக எனக்குப் போதும், வருகிறேன் என்று வந்தால் வாசலில் நின்று கூட்டிக்கொண்டு போவேன். ஒன்றுக்கும் உதவாதவள் என்று யாரோ தப்பாக நினைத்து அனுப்பி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிற பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன சந்தோஷப்படுவது. போர்வையை மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஆனால் பியோ ஐயாவிடம் போய் நீங்கள் பேசினது தப்பு என்று சொல்ல முடியுமா. அவர் வயசென்ன, பதவியென்ன, அதுவும் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிற மனுஷன். முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும், அதன் பிறகு அவர் நம் கடைப் பக்கமே வரமாட்டார். யோசித்து யோசித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில் வரிசை நிற்கும்போது, அவருக்குத் தாமரைக்கிழங்கு அள்ளிக்கொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி, இது எப்படி இருக்கிறது ஐயா என்று கேட்டேன். “அதையும் வாயால சொல்லணுமா, தேஜோன்லயே இப்படி வேற யாரும் செய்ய முடியாது” என்றார். அப்படியானால் சியோலில் இருந்து ஒரு பெரிய கடைக்காரர் உங்களுக்குப் போன் போட்டு, அந்தம்மாவிடம் தினமும் கறி வாங்கலாமா என்று விசாரித்தால் என்ன சொல்வீர்கள் என்றேன். இதையேதான் சொல்வேன் என்றார். “ஏன் ஐயா, உப்பு முன்னப்பின்ன இருக்கும், பக்குவம் பத்தாது, உங்க வீட்டு ஆளா நெனச்சு பொறுத்துக்கோங்கன்னு முறையா பேச மாட்டீங்களா” என்று கேட்டேன். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அவரும் சத்தமாகச் சிரித்து, “அப்படிச் சொன்னா எவன் வாங்குவான் முதலாளியம்மா, உங்க கடையைக் கெடுக்கவா நான் இருக்கேன்” என்றார். சொல்லும்போதே சிரிப்பு நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டே நின்றேன். காசை வைத்துவிட்டு, டப்பாவை எடுக்க மறந்து போய்விட்டார் பாவம்.

மறுநாள் கூட்டம் கலைந்த பிறகு வந்தார். வந்து கிம்ச்சிக் குளிர்பெட்டி முன்னால் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, டப்போவுக்கு மறுபடி போன் போடப் போகிறேன், ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதை முதலில் நம் பேச்சில் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். நாரே மிகவும் சிறந்த, என்று ஆரம்பித்தாரோ இல்லையோ கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவந்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி நின்றுவிட்டது. “வாய் வரமாட்டேங்குது நாரே அம்மா, சொந்தப் பொண்ண நானே சந்தையில கூவி விக்கிற மாதிரி கூசுது” என்றார். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. உட்காரச் சொல்லி பார்லி டீ ஊற்றிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு அவராகவே சொன்னார், “நான் புகழப் போறதில்ல. நடந்ததச் சொல்லப் போறேன். புள்ளிவிவரக்காரனுக்கு வேற என்ன தெரியும்” என்று. சொல்லிவிட்டு, அவர்களிடம் சொல்லப்போவதை என்னிடம் சொல்லிக் காட்டினார்.

நாரே, நீ அலுவலகத்தில் சேர்ந்து மூன்றாம் வருஷம், விவசாயக் குடும்பங்களின் வருமானக் கணக்கெடுப்பில் ஒரு மாவட்டம் மட்டும் ஏகத்துக்கு வசதியாக வந்ததாமே. பெரியவர்கள் எல்லோரும் நல்ல சேதிதானே என்று சந்தோஷப்பட்டு அச்சுக்கு அனுப்பப் போனபோது நீ மட்டும் ஒப்புக்கொள்ளவில்லையாம். யாரையும் கேட்காமல் பஸ் ஏறிப் போய் நான்கு கிராமம் சுற்றினாயாம். கணக்கெடுக்கப் போனவர்கள் பகலில் போய், வீட்டில் ஆள் இருந்த வீட்டை மட்டும் கேட்டிருக்கிறார்கள், வயலில் கிடந்தவர்களின் வீடு பூட்டியிருந்ததால் விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொண்டார்கள், பகலில் வீட்டில் இருக்கிறவன் வசதிக்காரன்தானே, அதனால்தான் மாவட்டமே பணக்கார மாவட்டமாகிவிட்டது என்று நீ கண்டுபிடித்தாயாம். சாயங்காலத்தில் போய் அந்த வீடுகளையே மறுபடி கேட்க வேண்டும் என்று மேலதிகாரிகள் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னாயாம், அவர்கள் திட்டியும் நகரவில்லையாம். அந்த வருஷம் அங்கே கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு உதவித்தொகை போனது அதனால்தானாம். “நான் அன்னிக்கு அவளுக்குப் பின்னாடி நின்னேன், முன்னாடி நின்னது அவதான், இத அப்படியே சொல்றேன்” என்றார்.

இதில் ஒரு வார்த்தைகூட நீ எங்களிடம் சொன்னதில்லையே. அந்த வாரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிராமத்துக்குப் போகிறேன், சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். திரும்பி வந்ததும் செருப்பெல்லாம் சேறு, வாசல் பூராவும் மிதித்து வைத்திருக்கிறாயே, பெண்ணா பேயா என்று நான் கத்தினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு துடைத்தாய். பியோ ஐயா சொல்லி முடித்ததும் நான் உள்ளே போய் வெங்காயத்தாள் நறுக்குகிற மாதிரி நின்றுகொண்டு அழுதேன். புதன்கிழமையே அவர் டப்போவுக்குப் போன் போட்டுவிட்டார். முக்கால் மணி நேரம் பேசினாராம், அந்த அம்மாள் கேள்வி மேல் கேள்வி கேட்டாளாம், கடைசியில் இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றாளாம். எங்கள் ஊரில் நல்ல பிள்ளையைத்தான் அப்படிச் சொல்வோம் என்று பதில் சொன்னாராம். வெள்ளிக்கிழமை உனக்கு அழைப்பு வந்துவிட்டது.

இனி ஆக வேண்டியதைக் கேள். உன் பூசான் மாமா போன் போட்டு, ஜப்பானில் ஒரு மருந்துக் கம்பெனி புள்ளிவிவரக்காரர்களை விசா போட்டுக் கூப்பிடுகிறது, சிங்கப்பூரிலும் உண்டு, கனடாவில் முதலாளி கடிதம் கொடுத்தால் போதும் என்று அடுக்கினார். நல்லதுதான், இது நடக்காவிட்டால் பார்க்கலாம், அவர் அனுப்பினதையெல்லாம் தூக்கிப் போட்டுவிடாதே. முதலாளி தயவே இல்லாமல் மதிப்பெண் சேர்த்து விண்ணப்பிக்கிற வழியும் உன் ஊரில் இருக்கிறது என்றாயே, அதற்கு இப்போதே போட்டு வை, ஒரே கதவை நம்பிக்கொண்டு நிற்காதே. டப்போக்காரர்களிடம் சம்பளத்தை மட்டும் பேசிவிட்டு வராதே. கொஞ்ச வருஷத்துக்கான அனுமதியா, சிறிய ஊர்களுக்கென்று இருக்கிற அனுமதியா, எத்தனை வருஷம் கழித்து நிரந்தரமாகத் தங்க உன் பெயரைக் கொடுப்பார்கள் என்று வாய்விட்டுக் கேள். வேலைக்குப் பெயர் தகவல் அலுவலர் என்று போட்டிருக்கிறார்கள் என்றாய், உன் விசாவில் புள்ளியியலாளர் என்று இருக்கிறதே, செய்கிற வேலையும் எழுதுகிற பெயரும் ஒத்துவராவிட்டால் திருப்பி அனுப்புவார்கள் என்று நீதான் முன்பு ஒரு தடவை சொன்னாய், அதைச் சரிசெய்து எழுதித் தரச் சொல். ஊர் சின்னதாக இருக்கிறது, கிம்ச்சி கிடைக்காது என்றெல்லாம் யோசிக்காதே, முட்டைக்கோஸ் எந்த ஊரிலும் விளையும், மிளகாய்த் தூள்தான் அனுப்பியிருக்கிறேனே.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. முதல் இன்டர்வியூ முடிந்து நீ எனக்குப் போன் செய்தபோது, உங்கள் கட்டுரை மிக நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னார்கள், நான் இல்லையில்லை, அதில் குறை நிறைய, இன்னும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அடக்கமாகச் சொன்னேன் அம்மா என்றாய். நானும் அதுதான் அழகு என்று மெச்சினேன். நீ ஒரு பக்கம் எனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாய், பியோ ஐயா மறுபக்கம் ஆமாம், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்கிறார், அந்த அம்மாள் பாவம் என்னதான் செய்வாள். இந்தத் தடவை நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொன்னால் நன்றி என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள். என்ன தெரியும் என்று கேட்டால் அந்தச் சேற்றுச் செருப்புக் கதையைச் சொல். கூசினால் கூசட்டும், பியோ ஐயாவுக்குக் கூசாததா.

அவருக்கு நீ போன் போட்டு இதைப் பற்றியெல்லாம் பேசாதே, உனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அந்த மனுஷன் வெட்கத்தில் செத்துப்போவார். புத்தாண்டுக்கு வாழ்த்து மட்டும் அனுப்பு, உங்களிடம் கற்றது எல்லாம் உதவுகிறது என்று ஒரு வரி எழுது, அவருக்குப் புரியும். அப்பாவிடமும் நான் செய்ததை முழுதாகச் சொல்லவில்லை, உன் ரூம் அப்படியேதான் இருக்கிறது என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்கட்டும். டப்போவில் வெயில் எவ்வளவு என்றும் இப்போது பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள். இன்டர்வியூ அன்றைக்குச் சோறு சாப்பிட்டுவிட்டுப் போ, வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஓடாதே. உன் கை எடுத்த காரியம் கைகூடட்டும், எந்த ஊரில் இருந்தாலும் உன்னைச் சுற்றி நல்லவர்கள் இருக்கட்டும், பத்திரமாக இரு என் கண்ணே. பெட்டி வந்ததும் ஒரு செய்தி போடு, மிளகாய்த் தூளைக் குளிர்பெட்டியில் வை, வெளியே வைத்தால் நிறம் போய்விடும்.

உனக்கு எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் ‘ஒன்றும் தெரியாத உன் அம்மா’ என்று கையெழுத்துப் போடுவதுதான் என் வழக்கம். இன்றைக்கும் பாதி எழுதிவிட்டேன். எழுதிவிட்டு, உனக்கு இத்தனை சொல்லிவிட்டு நான் இப்படிப் போடலாமா என்று தோன்றியது. அடித்துவிட்டு வேறு போடுகிறேன். நீயும் அங்கே போய் உட்காரும்போது இதையே செய்.

கெட்டிக்காரப் பெண்ணைப் பெற்றவள்,
தேஜோனிலேயே வேறு யாராலும் செய்ய முடியாத தாமரைக்கிழங்குக் கறி செய்கிறவள்,
உன் அம்மா
சுன்-பொக்